தகுதித் தேர்வும் கடன் வாங்கிக் கழித்தலும்

2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. ஒன்று முதல் எட்டு வகுப்பு வரை நடத்தும், ஏற்கெனவே பணியில் இருக்கும் ஆசிரியர்களும் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேறியாக வேண்டும். ஓய்வு பெற ஐந்தாண்டுக்கு மேல் உள்ளவர்களுக்கு இரண்டாண்டு அவகாசம். ஐந்தாண்டுக்குக் குறைவாக உள்ளவர்கள் தேர்வு எழுதாமலே பணியில் தொடரலாம், ஆனால் பதவி உயர்வு கேட்க முடியாது. தமிழ்நாட்டில் ஓய்வு வயது 60. ஆக, இதுவரை தேறாதவர்களில் 55 வயதை எட்டாத அத்தனை பேரும் புத்தகத்தைக் கையில் எடுத்தாக வேண்டும் என்பதே தீர்ப்பின் பொருள்.

நான் வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு மூப்பின்படி 2007இல் இடைநிலை ஆசிரியையாக வேலைக்கு வந்தவள். அருப்புக்கோட்டைப் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி, ஈராசிரியர் பள்ளி. நான் வேலையில் சேர்ந்தபோது தகுதித் தேர்வு என்ற பேச்சே கிடையாது. கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அந்த ஆண்டு ஆகஸ்டில்தான் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் இந்தத் தேர்வைக் குறைந்தபட்சத் தகுதிகளுள் ஒன்றாக அறிவித்தது. பதினெட்டு ஆண்டு பாடம் நடத்திய பிறகு 'உனக்குத் தகுதி உண்டா, நிரூபி' என்றால் யாருக்கும் மனம் சுருங்கத்தான் செய்யும். எனக்கும் சுருங்கியது. அந்த வருத்தம் நியாயமானது என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் இங்கே எழுத வந்தது அதைப் பற்றியல்ல. தேர்வுக்காகப் படித்த அந்த வாரங்களில் என் வகுப்பறைக்கு என்ன நடந்தது என்பதைச் சொல்ல வேண்டும்.

இந்தத் தேர்வின் மீதான பயம் எங்கள் தலைமுறைக்கு 2012இல் தொடங்கியது. அந்த ஆண்டு ஜூலை 12 அன்று தமிழ்நாட்டில் முதல் தகுதித் தேர்வு நடந்தது. 150 கேள்விகளுக்கு ஒன்றரை மணி நேரம், அதாவது கேள்விக்கு 36 விநாடி. ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதியதில் 2,500 பேர் கூடத் தேறவில்லை. அக்டோபரில் மறுபடியும் நடத்தியபோது நேரத்தை மூன்று மணியாக்கினார்கள். இப்போதும் அதே மூன்று மணி நேரம்தான். கேள்விக்கு 72 விநாடி கிடைக்கிறது. தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. இவ்வளவு தெரிந்திருந்தும், தகுதித் தேர்வின் ஆங்கிலச் சுருக்கப் பெயரான 'டெட்' என்றாலே 2012இன் அந்த எண்கள்தான் ஆசிரியர் அறைகளில் இன்னும் பேசப்படுகின்றன.

2025 தேர்வுக்கான அறிவிப்பு ஆகஸ்டிலேயே வந்திருந்தது. தீர்ப்பு வந்தபோது விண்ணப்பிக்க ஏறத்தாழ ஒரு வாரமே மிச்சம். நான் முதல் தாளுக்கு விண்ணப்பித்தேன். ஒன்று முதல் ஐந்து வகுப்பு ஆசிரியர்களுக்கு உரியது அது. குழந்தை மேம்பாடும் கற்பித்தல் முறைகளும், தமிழ், ஆங்கிலம், கணக்கு, சூழ்நிலையியல் என ஐந்து பகுதி, பகுதிக்கு 30 கேள்வி. என்னோடு பக்கத்து ஊர்ப் பள்ளியில் பணிபுரியும் அக்கா ஒருவரும் விண்ணப்பித்தார். அவருக்கு வயது 52. மகள் கல்யாண வேலை ஒரு பக்கம், இது ஒரு பக்கம். சனிக்கிழமைகளில் அவர் வீட்டில் உட்கார்ந்து படிப்பது என்று முடிவு செய்தோம்.

முதலில் தனியார் பயிற்சி மையம் ஒன்றின் கையேடுகளை வாங்கினோம். தடித்த புத்தகங்கள். புரட்டிப் பார்த்ததும் கணக்குப் பகுதியிலும் தமிழ்ப் பகுதியிலும் பழைய பாடத்திட்டத்தின் வாசனை அடித்தது. புதிய பாடநூல்கள் 2018இல் 1, 6, 9, 11 ஆகிய வகுப்புகளுக்கும், அடுத்த ஆண்டு மற்ற வகுப்புகளுக்கும் வந்துவிட்டன. 2025இல் தேர்வெழுதப் போகிறவருக்கு அதற்கு முந்தைய பாடத்தைப் புதிய அட்டை போட்டு விற்பது பெரிய அநியாயம். காசைச் சேர்த்துவைத்து வாங்கிப் படிக்கும் வேலையில்லாப் பட்டதாரிகளை நினைத்தால் ஆத்திரமே வருகிறது. கையேட்டை மூடிவிட்டுப் பாடநூல்களையே எடுத்தோம். பாடநூல் கழகம் அவற்றை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. எங்கள் வகுப்புப் புத்தகங்கள் பள்ளி அலமாரியிலேயே இருந்தன. மேல் வகுப்புப் புத்தகங்களை ஊர்ப்பிள்ளைகள் கொடுத்தார்கள்.

முதல் தாளின் பாடப்பொருள் ஐந்தாம் வகுப்பு வரைதான். ஆனால் கேள்விகளின் கடினமும் தொடர்பும் உயர்நிலை வரை போகலாம் என்பது விதி. அதனால் பத்தாம் வகுப்பு வரை தொட வேண்டியிருந்தது. பாடத்துக்குப் பாடம் தாவாமல், கணக்கை மட்டும் எடுத்து, மூன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை ஒரே மூச்சில் படித்தேன். இதை எந்தக் கையேடும் சொல்லித் தராது. தொடக்கப் பள்ளி ஆசிரியர் தன் வகுப்புப் புத்தகத்தைப் பதினைந்து முறை படித்திருப்பார். அதே பாடம் நான்கு வருடம் கழித்து எங்கே போய் நிற்கிறது என்று பார்க்க யாரும் அவரிடம் சொன்னதில்லை, அதற்கு நேரமும் தந்ததில்லை.

கழித்தலைச் சொல்கிறேன். 42இலிருந்து 17ஐக் கழிக்கச் சொன்னால் மூன்றாம் வகுப்பில் எப்போதும் நாலைந்து பிள்ளைகள் 35 என்று எழுதுவார்கள். நாலில் ஒன்று போனால் மூன்று; ஏழில் இரண்டு போனால் ஐந்து. மேலே சிறியது கீழே பெரியது இருந்தால், தலைகீழாகத் திருப்பிப் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்துவிடுகிறார்கள். கவனக்குறைவு என்று சிவப்பு மையால் சுழித்துவிட்டுப் போவது எங்கள் தொழிலில் வழக்கம். ஆறாம் வகுப்பு மூன்றாம் பருவப் புத்தகத்தில் முழுக்கள் பாடத்தைப் படித்துக்கொண்டிருந்தபோது அந்த 35 வேறு விதமாகத் தெரிந்தது. எண்கோட்டில் பூஜ்யத்துக்கு இடப்பக்கம் போகிறோம். இரண்டிலிருந்து ஏழு போகும், போய் மைனஸ் ஐந்தில் நிற்கும். ஆனால் ஒன்றாம் வகுப்பிலேயே 'சின்ன எண்ணிலிருந்து பெரிய எண் போகாது' என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துவிடுகிறோம். அந்த விதியைக் கேட்ட பிள்ளை அதற்குக் கீழ்ப்படிந்து, போகாததைப் போகும்படி திருப்பி எழுதுகிறது. 35 கவனக்குறைவால் வருவதில்லை, சொன்ன பேச்சைக் கேட்பதால் வருகிறது.

மறுநாள் வகுப்பில் ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் போட்டுக் கட்டினோம். நாலு கட்டு, இரண்டு உதிரிக் குச்சி. 'இதில் பதினேழு எடுத்துத் தா' என்றேன். 'போகாது' என்ற சொல்லை நான் சொல்லவே இல்லை. பையன் ஒருவன் முதலில் ஒரு கட்டைத் தனியே எடுத்து வைத்தான். பிறகு இரண்டு உதிரிகளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "ஏழு இல்லையே டீச்சர், இதைப் பிரிக்கட்டுமா?" என்று கேட்டுக்கொண்டே இன்னொரு கட்டின் ரப்பரைக் கழற்றினான். பன்னிரண்டு உதிரியில் ஏழை எண்ணி எடுத்தான். கையில் மிச்சம் இரண்டு கட்டு, ஐந்து குச்சி. பாடநூல் இதை இனமாற்றம் என்கிறது, ஊரில் கடன் வாங்குவது என்கிறோம். அந்தப் பையனுக்கு இரண்டு பெயரும் தேவைப்படவில்லை.

கட்டுகளை வைத்துக் கணக்கு நடத்துவது புதிதல்ல. தொடக்க வகுப்புகளுக்கான அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டப் பயிற்சியிலும் பொருள்களை வைத்துத்தான் நடத்துகிறோம். எனக்குப் புதிதாகக் கிடைத்தது, எந்தச் சொல்லைச் சொல்லக் கூடாது என்பது. அதைத் தந்தது என் வகுப்புப் புத்தகமல்ல, மூன்று வகுப்பு தள்ளி இருக்கும் புத்தகம். பின்னங்களிலும் இப்படித்தான். அரை, கால் என்று சப்பாத்தியை வெட்டிக் காட்டிப் பழக்குகிறோம். எட்டாம் வகுப்பில் விகிதமுறு எண்களுக்குப் போகும்போது பின்னம் எண்கோட்டில் தனக்கென ஓர் இடம் உள்ள எண்ணாகிவிடுகிறது. சப்பாத்தித் துண்டாகவே பின்னத்தை மனத்தில் வைத்திருக்கும் பிள்ளை அங்கே திணறும் என்பது மூன்றாம் வகுப்பு நடத்தும் எனக்கு இப்போது தெரியும். அதனால் சப்பாத்தியோடு சேர்த்து எண்கோட்டில் அரையையும் இப்போதே குறிக்க வைக்கிறேன்.

குழந்தை மேம்பாட்டுப் பகுதியில்தான் பலர் மதிப்பெண்ணை இழக்கிறார்கள். உளவியலாளர்களின் பெயர்களும் அவர்கள் வகுத்த பருவங்களும் குழம்பிவிடும். பியாஜேவின் நான்கு நிலைகள், எரிக்சனின் எட்டு, கோல்பர்க்கின் மூன்று நிலையும் ஆறு படியும், தார்ண்டைக்கின் விதிகள் என்று மனப்பாடம் செய்தால் இரண்டு நாளில் எல்லாம் கலந்துவிடுகிறது. நான் செய்தது, படித்ததை மறுநாளே பிள்ளைகளிடம் பார்ப்பது. ஒரே அளவு எவர்சில்வர் டம்ளர் இரண்டில் சமமாகத் தண்ணீர் ஊற்றி, ஒன்றை மட்டும் அகலமான கிண்ணத்துக்கு மாற்றினேன். எதில் அதிகம் என்று கேட்டதற்கு ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் பலர் டம்ளரைக் காட்டினார்கள். தண்ணீர் அதில்தான் உயரமாக நிற்கிறது. மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, "இரண்டும் ஒன்றுதான் டீச்சர். நீங்கள் கொஞ்சம் கூடக் கீழே கொட்டவில்லையே" என்றாள். ஏழு வயதை ஒட்டி இந்த மாற்றம் வரும் என்று பியாஜே சொன்னதை அதன் பிறகு நான் மறக்கவில்லை. வைகாட்ஸ்கி என்ற உளவியலாளரின் 'அண்மை வளர்ச்சி மண்டலம்' என்ற கருத்துக்கு இவ்வளவு கூட மெனக்கெட வேண்டியதில்லை. ஐந்து வகுப்பும் இரண்டு அறைக்குள் இருக்கும் எங்கள் பள்ளியில், நான்காம் வகுப்புப் பிள்ளை இரண்டாம் வகுப்புப் பிள்ளையின் விரலைப் பிடித்து எழுதவைப்பது தினமும் நடக்கிறது. தனியாகச் செய்ய முடியாததை, சற்றுத் தெரிந்தவர் துணையோடு செய்யும் அந்த இடைவெளிதான் அவர் சொன்னது.

ஆனால் தேர்வு கேட்பது பெரும்பாலும் பெயரைத்தான். இந்தக் கருத்தைத் தந்தவர் யார், இந்த நிலைக்குரிய வயது எது என்பவை நான்கு விடைகளில் ஒன்றைக் கருமையாக்கும் கேள்விகள். கிண்ணத்தையும் டம்ளரையும் பார்த்துவிட்டு அந்தச் சிறுமி சொன்ன பதிலில் என்ன இருக்கிறது என்று ஓர் ஆசிரியரால் கண்டுகொள்ள முடிகிறதா என்பதை, வட்டங்களை நிரப்பும் ஓஎம்ஆர் விடைத்தாள் அளக்காது. இந்தக் குறை எனக்குத் தெரியும். இருந்தும், ஆசிரியர் படிப்பதற்கு ஒரு கட்டாயம் வந்ததை என்னால் முழுதாக வெறுக்க முடியவில்லை.

தமிழும் சூழ்நிலையியலும் அதிகம் சிரமம் தரவில்லை. ஆங்கிலத்துக்குத் தினமும் விடியற்காலையில் சிறிது நேரம் ஒதுக்கினேன், அவ்வளவுதான். பயிற்சித் தாள்களில் ஒரு பழக்கத்தை மட்டும் வலியுறுத்திச் சொல்வேன்: விடையைக் கேள்வித்தாளில் குறித்துவைத்துக் கடைசியில் மொத்தமாக வட்டங்களை நிரப்பலாம் என்று நினைக்காதீர்கள். பத்துப் பத்துக் கேள்வியாக அவ்வப்போது நிரப்பிவிட வேண்டும். வெள்ளெழுத்துக் கண்ணாடி போடும் வயதில், கடைசி நிமிடங்களில் அந்தச் சிறு வட்டங்கள் வரிசை மாறித் தெரியும்.

தேர்வு நவம்பர் 15, சனிக்கிழமை. அதற்கு முன்பு நவம்பர் 4இல் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தப் பணி தொடங்கிவிட்டது. அக்கா வாக்குச்சாவடி நிலை அலுவலர். பள்ளி முடிந்ததும் படிவக் கட்டோடு தெருத்தெருவாகப் போவார். வீடு பூட்டியிருந்தால் மறுபடி போவார். இரவு எட்டு மணிக்கு மேல் வந்து அன்று வாங்கிய படிவங்களைக் கைப்பேசியில் பதிவேற்றுவார். அந்தப் பதினோரு நாளும் அவரால் புத்தகத்தைத் தொட முடியவில்லை. நான் தேறினேன். அவர் தேறவில்லை. எங்கள் இருவரில் பிள்ளைகளுக்கு நன்றாகக் கணக்குச் சொல்லித் தருபவர் அவர்தான் என்பது இரண்டு ஊர்ப் பெற்றோருக்கும் தெரியும்.

ஆகவே கேட்கிறேன். தேர்வு எழுதச் சொல்பவர்கள் படிக்க நேரமும் தர வேண்டும். சம்பளத்தோடு மாதக்கணக்கில் விடுப்பு வேண்டும் என்று கேட்கவில்லை. பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டங்கள் ஏற்கெனவே இருக்கின்றன. அவற்றில் சிலவற்றையாவது இதற்குக் கொடுக்கலாம். தொடக்கப் பள்ளி ஆசிரியரும் நடுநிலைப் பள்ளிக் கணக்காசிரியரும் ஒரே மேசையில் உட்கார்ந்து, கழித்தலையோ பின்னத்தையோ மூன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை சேர்ந்து படிக்கட்டும். மேல் வகுப்பில் பிள்ளை எங்கே தடுக்கி விழுகிறது என்று அவர் சொல்வார். அந்தக் கல் எங்கே போடப்பட்டது என்று இவர் சொல்வார். தேர்வுக்குத் தயாராவதும் அதிலேயே நடந்துவிடும். தேர்வு நெருங்கும் மாதத்தில், எழுதப்போகும் ஆசிரியரை மற்றப் பணிகளிலிருந்து விடுவிக்கவும் வேண்டும்.

இதை மனுவாக எழுதி, எங்கள் வட்டாரத்து ஆசிரியைகள் சிலர் கையெழுத்திட்டு, கல்வி அலுவலகத்தில் கொடுத்திருக்கிறோம். இன்னும் பதில் வரவில்லை. சனிக்கிழமைப் படிப்பு அக்கா வீட்டில் தொடர்கிறது. பின்னங்களை முடித்துவிட்டு இப்போது விகிதமும் விகிதசமமும் பார்த்துக்கொண்டிருக்கிறோம். ஊர் நடுநிலைப் பள்ளியின் கணக்காசிரியர் ஒருவரும் வருகிறார். ஆறாம் வகுப்பில் சேரும் எங்கள் பிள்ளைகள் முழுக்களில் செய்யும் தவறுகளை நோட்டில் எழுதி எடுத்து வரும்படி அவரிடம் கேட்டிருக்கிறோம்.