டிபேக்கியைப் படித்தால் வாஸ்குலர் வைவா பாதி முடிந்தது

எம்.எஸ். ஜெனரல் சர்ஜரிக்குப் படிக்கிற எல்லோருக்கும் பெயர்கள்தான் பெரிய தொல்லை. ஃபோர்செப்ஸுக்கு (இடுக்கிக்கு) ஒரு பெயர், வகைப்பாட்டுக்கு ஒரு பெயர், ஆபரேஷனுக்கு இன்னொரு பெயர். உருப்போட்டு வைத்தால் நைட் டியூட்டி முடிவதற்குள் காணாமல் போய்விடும். ஜூனியர்கள் கேட்கும்போது நான் சொல்வது, பெயருக்குப் பின்னால் இருக்கும் ஆளைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள் என்பதுதான். எல்லாருக்கும் அப்படிச் செய்ய நேரம் இருக்காது. ஒரே ஒருவருக்கு என்றால் அமெரிக்க இதய, ரத்தக்குழாய் சர்ஜன் மைக்கேல் டிபேக்கிக்குச் செய்யுங்கள். ரத்தக்குழாய் அறுவைச் சிகிச்சை வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், கேட்கப்படும் கேள்விகளில் பெரும்பகுதி அவருடைய 99 வருட வாழ்க்கைக்குள் அடங்கிவிடும்.

1908 செப்டம்பர் 7 அன்று அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் லேக் சார்ல்ஸ் என்ற ஊரில் பிறந்தவர். பெற்றோர் லெபனானிலிருந்து வந்து குடியேறியவர்கள். குடும்பப் பெயர் டபாகி. அதுதான் அமெரிக்க வாயில் டிபேக்கி ஆனது. அப்பாவுக்கு வியாபாரம், மருந்துக் கடையும் இருந்தது. அம்மா ரஹீஜா தையலில் கெட்டிக்காரர். அக்கம்பக்கத்துப் பெண் பிள்ளைகளுக்குத் தைக்கக் கற்றுக்கொடுப்பார். கூடவே உட்கார்ந்து மூத்த பையனும் ஊசி நூல் பிடிக்கக் கற்றுக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பம் துணிமணியும் சாப்பாடும் எடுத்துக்கொண்டு அநாதை இல்லத்துக்குப் போகும். ஒருமுறை அந்த மூட்டையில் தன்னுடைய பிடித்தமான தொப்பி இருப்பதைப் பார்த்துப் பையன் அடம்பிடித்திருக்கிறான். உனக்கு வேறு தொப்பி இருக்கிறது, அந்தப் பிள்ளைகளுக்கு ஒன்றுகூட இல்லை என்று சொல்லி அம்மா கொடுத்துவிட்டார். வயதான பிறகும் டிபேக்கி இதைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

படிப்புக்கும் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. பிள்ளைகள் வாரம் ஒரு புத்தகம் நூலகத்திலிருந்து எடுத்துப் படித்தாக வேண்டும். என்சைக்ளோபீடியா பிரிட்டானிகாவை மட்டும் வீட்டுக்குத் தரமாட்டார்கள் என்று பையன் வந்து புலம்ப, அப்பா முழு செட்டையும் வாங்கிப் போட்டார். கல்லூரிக்குப் போவதற்குள் பிள்ளைகள் எல்லாரும் அதைப் படித்து முடித்துவிட்டார்களாம். தம்பி எர்னஸ்டும் சர்ஜன் ஆனார். தங்கைகள் லோயிஸ், செல்மா இருவரும் பேய்லர் மருத்துவக் கல்லூரியில் மருத்துவர்களுக்கு எழுதச் சொல்லிக்கொடுத்தார்கள். ஆமாம், எழுத. சுற்றி வளைக்காமல் நேராக எழுதுவது எப்படி என்று. தியரி பேப்பரில் முதல் அரைப் பக்கத்தை வெறும் முன்னுரையாக ஓட்டுகிறவர்களுக்கு அந்த வகுப்பு உடனடியாகத் தேவை.

இனி பாடத்துக்கு வருவோம்.

டுலேன் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போதே ரத்தம் ஏற்றுவதற்காக ஒரு ரோலர் பம்பை உருவாக்கினார். அவர்தான் ரோலர் பம்பைக் கண்டுபிடித்தவர் என்று எழுதிவிடாதீர்கள். அந்த யோசனை அவருக்கு முன்பே இருந்தது. அவர் அதை மாற்றிச் செம்மைப்படுத்தினார். பிறகு ஜான் கிப்பனின் இதய நுரையீரல் இயந்திரத்தில் அதுதான் ரத்தத்தைத் தள்ளியது. 1953இல் அந்த இயந்திரத்தின் துணையோடு முதல் வெற்றிகரமான திறந்த இதய அறுவை நடந்தது. 'மாற்றியமைத்தார்' என்ற ஒரு சொல்லைச் சேர்த்துச் சொன்னால் போதும், வெளியிலிருந்து வரும் எக்ஸாமினர் நிமிர்ந்து பார்ப்பார்.

தேர்வில் கருவிகளைக் காட்டிக் கேள்வி கேட்கும் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் டேபிளில் டிபேக்கி ஃபோர்செப்ஸ் அநேகமாக இருக்கும். கையில் எடுத்ததும் நுனியை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். ஒரு தாடையில் இணையாக இரண்டு வரிசைப் பொடிப் பற்கள். எதிர்த் தாடையில் நடுவில் ஒரே ஒரு வரிசை, அது அந்த இரண்டுக்கும் இடையில் போய் உட்காரும். ரத்தக்குழாயின் சுவர் நசுங்காமல் பிடிக்கத்தான் இந்த ஏற்பாடு. பெயரைச் சொல்லிவிட்டுக் கீழே வைத்துவிடாமல் இதைக் காட்டியே விளக்குங்கள். எனக்கு அந்த டேபிளில் இது ஒன்றிலேயே பாதி நேரம் போனது, கிராஃப்ட் (மாற்று ரத்தக்குழாய்) வரைக்கும் பேச்சு நீண்டது.

கிராஃப்ட் என்றதும் தையல் வந்துவிடும். 1950களின் தொடக்கத்தில் செயற்கை ரத்தக்குழாய் செய்வதற்காக ஹூஸ்டனில் ஒரு கடைக்கு நைலான் துணி வாங்கப் போனார். நைலான் தீர்ந்துவிட்டது, புதிதாக டேக்ரான் என்று ஒன்று வந்திருக்கிறது என்று கடைக்காரர் காட்ட, அதை வாங்கிவந்து மனைவியின் தையல் மெஷினில் தானே குழாயாகத் தைத்தார். நைலான் உடம்புக்குள் நாளாக நாளாக வலுவிழந்துவிடும், டேக்ரான் தாங்கியது. டேக்ரான் ஒரு பாலியெஸ்டர். இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயான அயோர்டாவுக்கு இன்றும் பெரும்பாலும் அதுதான். இந்தக் கதை தெரிந்தவர்கள் டேக்ரானையும் இன்னொரு கிராஃப்ட் பொருளான பி.டி.எஃப்.இ.யையும் குழப்பிக்கொள்வதில்லை.

அடுத்து, 'முதலில் செய்தவர் யார்' கேள்விகள். இதில்தான் ஆட்கள் விழுவார்கள். கழுத்தில் மூளைக்குப் போகும் ரத்தக்குழாயின் அடைப்பை நீக்கும் கரோட்டிட் எண்டார்டரெக்டமியை டிபேக்கி 1953இல் செய்தார். ஆனால் அந்த நோயாளியைப் பற்றி விரிவாக எழுதியது 1975இல். இடையில் 1954இலேயே ஈஸ்ட்காட் குழுவினர் லண்டனில் கரோட்டிட் அறுவை ஒன்றைச் செய்து வெளியிட்டுவிட்டார்கள். அதனால் சில புத்தகங்களில் ஈஸ்ட்காட், சிலவற்றில் டிபேக்கி. இதய பைபாஸிலும் இதே கதை: காலிலிருந்து எடுத்த சிரையை (வெயினை) வைத்து அவர் குழு செய்தது 1964, வெளியிட்டது 1973. நடுவில் 1967இல் ஃபவலோரோ என்ற சர்ஜன் வந்து அதை முறைப்படுத்திப் பரப்பிவிட்டார். செய்த வருடம், எழுதிய வருடம் இரண்டையும் சேர்த்துச் சொல்லிவிட்டால் எக்ஸாமினர் எந்தப் புத்தகத்தைப் படித்திருந்தாலும் நீங்கள் தப்பிக்கலாம்.

அயோர்ட்டிக் டிசெக்‌ஷனுக்கு வருவோம், அதாவது அயோர்டாவின் உட்சுவர் கிழிந்து சுவரின் அடுக்குகளுக்கு நடுவே ரத்தம் புகுவது. தேர்வுக்கு இதுதான் முக்கியம். டிபேக்கி டைப் 1: ஏறு அயோர்டாவில் கிழிந்து வளைவைத் தாண்டி இறங்கும். டைப் 2: ஏறு அயோர்டாவோடு நின்றுவிடும். டைப் 3: இடது கைக்குப் போகும் சப்க்ளேவியன் ரத்தக்குழாய்க்கு அப்பால், இறங்கு அயோர்டாவில் தொடங்கும், உதரவிதானத்துக்கு மேலேயே நின்றால் 3ஏ, கீழே போனால் 3பி. ஸ்டான்ஃபோர்டு என்ற இன்னொரு வகைப்பாட்டில் 1, 2 இரண்டும் ஏ. 3 என்பது பி. ஏ என்றால் அவசர அறுவை. பி என்றால் முதலில் பீட்டா ப்ளாக்கர் கொடுத்து நாடித் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் இறக்க வேண்டும். உறுப்புகளுக்கு ரத்தம் போகாவிட்டாலோ வெடிக்கும் நிலை வந்தாலோதான் ஸ்டென்ட் கிராஃப்ட் (ரத்தக்குழாய் வழியாக உள்ளே செலுத்தி வைக்கும் கிராஃப்ட்) அல்லது அறுவை.

இதை உருப்போடுவதற்குப் பதில் டிபேக்கியையே கேஸாக வைத்துக்கொள்ளுங்கள். 2005 டிசம்பர் 31, வயது 97. வீட்டில் தனியாக ஒரு சொற்பொழிவுக்குத் தயாராகிக்கொண்டிருந்தார். நெஞ்சிலிருந்தும் தோள்பட்டைகளுக்கு நடுவிலிருந்தும் கழுத்துக்கு ஏறும் கடுமையான வலி. மாரடைப்போ என்று முதலில் நினைத்தவர், அது இல்லை என்றதும் டிசெக்‌ஷன் என்று தானே சந்தேகப்பட்டார். ஸ்கேனில் அவருடைய வகைப்பாட்டின்படியே டைப் 2. அறுவை வேண்டாம் என்றார். வாரக்கணக்கில் இழுத்து, நினைவு தப்பிய பிறகு, 2006 பிப்ரவரியில் ஜார்ஜ் நூன் தலைமையில் ஆபரேஷன். ஜார்ஜ் நூன் பல வருடங்கள் அவரோடு சேர்ந்து அறுவை செய்தவர். கிழிந்த பகுதியை எடுத்துவிட்டு டேக்ரான் கிராஃப்ட் வைத்தார்கள். மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்து, எழுந்து, மறுபடி வேலைக்குப் போனார். 2008 ஜூலை 11 அன்று, நூறு வயதுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது காலமானார்.

அவருடைய தூக்கமில்லாத உழைப்பை மட்டும் பின்பற்றாதீர்கள். அவரிடம் ரெசிடென்ட்டாக இருந்தவர்கள் பட்ட பாடு தனிக் கதை.

இந்தக் கேஸைச் சொன்னால் ஒரு கேள்வி நிச்சயம் வரும்: 97 வயதுக்காரர், வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார், நீங்கள் ஆபரேஷன் செய்வீர்களா? 'செய்வேன்' என்று பாய வேண்டாம். அங்கேயும் மயக்க மருந்து மருத்துவர்கள் மறுத்தார்கள், விஷயம் நெறிமுறைக் குழுவுக்குப் போனது, அவர் மனைவி கூட்டத்துக்கு நடுவே புகுந்து உடனே செய்யுங்கள் என்று சத்தம் போட்ட பிறகுதான் நடந்தது. நோயாளி தெளிவாக இருக்கும்போது சொன்னது என்ன, இப்போது அவர் சார்பில் பேசும் உரிமை யாருக்கு, மேஜையிலேயே இறக்கும் வாய்ப்பு எவ்வளவு என்ற வரிசையில் பேசுங்கள். செய்தது நல்லதுதான் என்று பிழைத்த பிறகு டிபேக்கியே சொன்னார் என்பதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். அதை முதலிலேயே சொன்னால், முடிவு நன்றாக வந்ததால் செய்தது சரி என்கிறீர்களா என்று அடுத்த கேள்வி வந்து விழும்.