பாவித்த சிறு ஜெட் வாங்க முன்: பலாலி ஓடுபாதையும் உப்புக் காற்றும்

பாவித்த ஜெட் விற்பவர்களின் விளம்பரம் மூன்று விஷயத்தைத்தான் முன்னால் போடும்: எந்த ஆண்டு, எத்தனை மணித்தியாலம் பறந்தது, உள்ளே என்ன நிறத் தோல் இருக்கை. யாழ்ப்பாணத்தை நடுவில் வைத்துப் பறக்கப் போகிறவருக்கு இவை பிறகு பார்க்க வேண்டியவை. எத்தனை தடவை ஏறி இறங்கியது, எந்த ஊர்க் காற்றில் நின்றது, எஞ்சின் திட்டத்துக்கு (பறக்கும் மணித்தியாலக் கணக்கில் காசு கட்டிவர, திருத்தச் செலவைப் பொறுப்பேற்கும் ஒப்பந்தம்) காசு ஒழுங்காகக் கட்டப்பட்டதா என்பதுதான் முதல் கேள்வி.

தூரத்தை எடுங்கள். யாழ்ப்பாண விமான நிலையம் இருக்கும் பலாலியிலிருந்து நேர்கோட்டில் திருச்சி சுமார் 100 கடல் மைல், கொழும்புக்குப் பக்கத்து இரத்மலானை 180, சென்னை 190, மாலே 515. செஸ்னா சைட்டேஷன் மஸ்டாங் ஏறத்தாழ 1,150 கடல் மைல் போகும். எம்ப்ரேயர் நிறுவனத்தின் ஃபீனம் 100 அதைவிடக் கொஞ்சம் கூட. இந்தப் பயணங்களுக்கு இரண்டுமே தாராளம். சிங்கப்பூர் 1,500 கடல் மைலுக்கு மேலே. நிற்காமல் போக செஸ்னாவின் சைட்டேஷன் சிஜே வரிசையில் சிஜே3 அளவு விமானம் வேண்டும். ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருந்து பங்கு போடும் சகோதரங்கள் அதைத்தான் கேட்பார்கள். ஆண்டுக்கு இரண்டு தடவை சிங்கப்பூர் போவதற்காக ஆண்டு முழுவதும் பெரிய எஞ்சினுக்குக் காசு கட்ட வேண்டாம்.

அடுத்தது ஓடுபாதை. பலாலிக்கு ஏடிஆர் 72 என்ற புரொப்பெல்லர் பயணிகள் விமானம் வருகிறது என்பதால் எந்தச் சிறு ஜெட்டும் வரலாம் என்று நினைக்கக் கூடாது. ஏடிஆர் புரொப்பெல்லரைத் திருப்பி வேகத்தைக் குறைக்கும். மஸ்டாங், ஃபீனம் 100, சிஜே3 மூன்றிலும் எதிர்த்திசை உந்துவிசை கிடையாது. நிறுத்துவது பெரும்பாலும் பிறேக்தான். உதாரணத்துக்கு ஓடுபாதை 1,400 மீற்றர் என்று வைத்துக் கணக்குப் போடுவோம். முழு இறங்கு எடையில் மஸ்டாங்குக்குக் கையேடு சொல்லும் இறங்கு தூரம் 725 மீற்றர். வாடகைக்குப் பறப்பவர்கள் ஓடுபாதையின் 60 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும்; ஆகவே 725ஐ 0.6ஆல் வகுத்தால், தேவையான ஓடுபாதை 1,208 ஆகிறது. ஓடுபாதை நனைந்திருந்தால் இன்னும் 15 சதவீதம்: 1,390. மிச்சம் 10 மீற்றர். சிஜே3க்கு 844 மீற்றர். காய்ந்த ஓடுபாதையிலேயே 1,407 வந்துவிடும், எடை குறைத்துத்தான் இறங்க வேண்டும். சொந்தப் பாவனைக்கு இந்த 60 சதவீதம் கட்டாயமில்லை. ஆனாலும் மார்கழி மழையில் இறங்கும் ஊரில் அதை விடாமல் பிடிப்பதே சரி. ஏறும் தூரங்கள் 15 பாகை செல்சியஸுக்கு எழுதப்பட்டவை. பலாலியின் 33 பாகைக்குக் கையேட்டு அட்டவணையில் திரும்பப் பார்க்க வேண்டும். ஓடுபாதையின் அன்றைய பாவனை நீளத்தை விமானிகளுக்கான அறிவித்தல்களில் பாருங்கள், விற்பனை முகவரிடம் கேட்க வேண்டாம்.

இனி எஞ்சின். காசு போவது இங்கேதான்.

முதல் சிஜேயிலும் சிஜே1இலும் இருக்கும் வில்லியம்ஸ் எஃப்ஜே44-1ஏ, மஸ்டாங்கில் இருக்கும் பிராட் அண்ட் விட்னி பிடபிள்யூ615எஃப் இரண்டுக்கும் முழுத் திருத்தம் 3,500 மணித்தியாலத்தில். நடுவில் 1,750இல் எரியறை, டர்பைன் பக்கத்தைத் திறந்து பார்க்கும் வேலை ஒன்று வரும். 1,650 மணித்தியாலம் ஓடிய, எந்தத் திட்டத்திலும் சேராத விமானம் மலிவாக வந்தால் அடுத்த ஆண்டே இரண்டு எஞ்சினுக்கும் பெரிய பில் வாங்குபவர் தலையில். 2,900 ஓடியிருந்தாலும் மணித்தியாலக் கட்டணத் திட்டத்தில் நிலுவையில்லாமல் இருப்பது அதைவிட நல்ல கொள்முதல். வில்லியம்ஸின் டாப், பிராட்டின் ஈஎஸ்பி, பல நிறுவன எஞ்சின்களை ஏற்கும் ஜேஎஸ்எஸ்ஐ என்பவை அடிக்கடி கேட்கும் பெயர்கள். கட்டணம் கட்டியாயிற்று, ஒப்பந்தம் புதிய உரிமையாளருக்கு மாறும் என்று திட்ட நிறுவனமே எழுதித் தரும் கடிதம் வேண்டும். பறக்காவிட்டாலும் ஆண்டுக்கு இத்தனை மணித்தியாலத்துக்குக் கட்ட வேண்டும் என்ற விதியும் இருக்கும். கறள் அந்தத் திட்டத்தில் அடங்குமா என்பதை வரிவரியாகப் பாருங்கள். நமக்கு அதுதான் முக்கியம்.

மணித்தியாலம் ஒரு பக்கம், சுற்று இன்னொரு பக்கம். ஒரு ஏற்றமும் இறக்கமும் ஒரு சுற்று. எஞ்சினுக்குள் சுழலும் தட்டுகளின் ஆயுள் சுற்றில்தான் எண்ணப்படும். எல்லை வந்தால் பார்வைக்குப் புதிதாக இருந்தாலும் கழற்றியே ஆக வேண்டும். பலாலி-சென்னை சுமார் 40 நிமிடம். ஆண்டுக்கு 200 மணித்தியாலம் அப்படிப் பறந்தால் 300 சுற்று. ஆகவே ஒவ்வொரு தட்டின் தொடர் இலக்கமும், அது பிறந்த நாளிலிருந்து எண்ணிய சுற்றும் தாளில் இருக்க வேண்டும். தாள் இல்லாத தட்டுக்கு ஆயுள் முடிந்தது என்றே கணக்கு.

வாங்கும் ஒழுங்கு இப்படி: விலைக் கடிதம், மூன்றாம் தரப்பின் கணக்கில் முற்பணம், பிறகு பதிவேடுகள், அதன்பின் எஞ்சினுக்குள் கமரா, கடைசியில் உடல் திறந்து பார்ப்பது. பதிவேட்டை முதலில் படிப்பதற்குக் காரணம், அதற்குத்தான் செலவு மிகக் குறைவு. பல விமானங்கள் அங்கேயே கழிந்துவிடும். இதுவரை அந்த விமானத்தைப் பராமரித்த பட்டறையிடம் பரிசோதனையைக் கொடுக்க வேண்டாம், தங்கள் வேலையில் தாங்களே பிழை பிடிப்பது கடினம். பறக்கத் தகுதியைப் பாதிக்கும் குறைகளை விற்பவர் திருத்த வேண்டும் என்பதை விலைக் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள்.

கமராவில் தேட வேண்டியது எரியறை வெடிப்பு, டர்பைன் அலகுகளின் (சுழலும் தகடுகளின்) கருகிய நுனி, முன் அலகுகளில் கல் பட்ட காயம். கடற்கரையில் நின்ற எஞ்சினென்றால் இன்னொன்றும் உண்டு: காற்றின் உப்பும் எரிபொருளின் கந்தகமும் சூட்டில் சேர்ந்து டர்பைன் அலகின் மேற்பரப்பைத் தின்னும். ஆரம்பத்தில் அது சொரசொரப்பாக, பிறகு கொப்புளம் போலத் தெரியும்.

உடலில் கழிவறைக்கும் சிற்றுண்டி அலுமாரிக்கும் கீழ்த் தளம், பற்றறிப் பெட்டி, கதவின் கீழ்ச் சட்டம், சில்லுக் குழி, இறக்கையின் பின்மடிப்புத் தண்டவாளம் ஆகியவற்றில் கறளைத் தேடுங்கள். அலுமினியத்தின் கறள் சிவப்பாக இருக்காது; சுண்ணாம்புத் தூள் மாதிரி வெள்ளையாகப் பூக்கும். றிவெற் தலையைச் சுற்றிப் பூச்சு நூல் ஓடினதுபோல் புடைத்திருந்தால் பிளாஸ்டிக் சுரண்டியால் மெல்லத் தள்ளிப் பாருங்கள். பூச்சு உரிந்து கீழே வெள்ளைத் தூள் கொட்டினால் பக்கத்துப் பலகையையும் கழற்றச் சொல்லுங்கள். விற்பதற்குச் சற்று முன் அடித்த புதுப் பூச்சு என்றால் கூடுதல் கவனம் வேண்டும். குறைந்த மணித்தியாலம் என்று புகழப்படும் விமானம் ஈரமான இடத்தில் நான்கைந்து வருடம் சும்மா நின்றதாகவும் இருக்கலாம்; கிழமைக்குக் கிழமை பறந்ததே சுகமாக இருக்கும்.

பதிவு பற்றிச் சுருக்கமாக. இலங்கைப் பதிவென்றால் 4ஆர் எழுத்து, சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபை. அமெரிக்கப் பதிவிலேயே வைத்திருக்க, அமெரிக்கர் அல்லாதவர் பொதுவாக அறக்கட்டளை ஒன்றின் ஊடாகப் போக வேண்டும். எந்த நாட்டுப் பதிவோ, விமானியின் உரிமமும் திருத்துநரின் உரிமமும் அந்த நாடு ஏற்பதாக இருக்க வேண்டும். பலாலி விமானப்படைத் தளமும் கூட. தரிப்பிடம், எரிபொருள், பறக்கும் நேரம் மூன்றையும் எழுத்தில் வாங்காமல் முற்பணம் கட்ட வேண்டாம். ஹாங்கருக்கு இரத்மலானையையும் விசாரியுங்கள்.

வாங்கின பிறகு நாளாந்த வேலை. வாடைக் காற்று பலாலிக்குக் கடலிலிருந்து நேரே வரும். வெளியில் நின்றால் எஞ்சின் வாய் மூடிகள் எப்போதும் போட்டிருக்க வேண்டும், உப்புக் கழுவலைக் கையேடு சொல்லும் இடைவெளியில் செய்ய வேண்டும். அதற்கு ஊர்க் கிணற்றுத் தண்ணீர் உதவாது. கேத்தல் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே சுண்ணாம்பு அலகுகளிலும் படியும். கனிமம் நீக்கிய தண்ணீர்தான் வேண்டும்.

பற்றறி பலவீனமாக இருக்கும்போது ஸ்டார்ட் பண்ணினால் எஞ்சின் மெதுவாகச் சுற்றும், காற்று போதாது, எரிபொருள் மட்டும் வரும்; சில வினாடிகளில் டர்பைன் எல்லை தாண்டிச் சூடாகும். நண்பகல் வெயிலில் 28 வோல்ற் தரை மின்சாரம் வைத்தே தொடங்குங்கள்.

பல சைட்டேஷன் வகைகளுக்கு எரிபொருளில் உறைதடுப்பி சேர்ப்பது கட்டாயம்: 0.10 முதல் 0.15 சதவீதம், அதாவது 1,000 லீற்றருக்கு 1 முதல் 1.5 லீற்றர். எரிபொருள் வண்டியில் கலந்து வரும் என்று நம்பாமல் கையோடு வைத்திருங்கள். நிரப்பும்போது கூடவே செலுத்த வேண்டும். தனியாக ஊற்றினால் அடியில் தேங்கித் தாங்கியின் உட்பூச்சை அரிக்கும். காலையில் முதல் வேலை தாங்கியின் அடியிலிருந்து கண்ணாடிக் குவளையில் கொஞ்சம் எடுத்து வெளிச்சத்தில் பார்ப்பது. தண்ணீர் கீழே குமிழாக நிற்கும். தண்ணீருக்கும் எரிபொருளுக்கும் நடுவில் பழுப்பு வழுவழுப்பு இருந்தால் அது பூஞ்சை. அன்று பறப்பை நிறுத்திவிட்டுத் திருத்துநரைக் கூப்பிடுங்கள்.