பழைய பாய்மரப் படகைத் தேய்த்தெடுத்த அனுபவம்

பழைய ஃபைபர் கிளாஸ் படகு வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வயதுக்கு மீறிப் பளபளக்கும் படகைப் பார்த்தால் சந்தேகப்படுங்கள். எங்களுடையது 1978-இல் கட்டிய கேட்டலினா 27. சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் படகுத்துறைகளில் இந்த ரகத்தைப் பார்க்காமல் இருக்க முடியாது. வாங்கியபோது பக்கவாட்டில் முகம் பார்க்கலாம். ஒரு கோடை வெயில் தாங்கவில்லை. அந்தப் பளபளப்பு மஞ்சளாகித் திட்டுத் திட்டாக உரியத் தொடங்கியது. உரிந்த இடத்தில் உள்ளங்கையை வைத்துத் தேய்த்தால் வெள்ளைத் தூள் ஒட்டியது.

ஜெல்கோட் என்பது ஃபைபர் கிளாஸுக்கு மேல் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் கனத்துக்கே இருக்கும் நிறமேற்றிய பிசின் பூச்சு. வெயிலில் அதன் மேற்பரப்பு சிதைந்து தூளாகும். காம்பவுண்ட் என்னும் தேய்ப்புப் பசையைப் போட்டு அரைத்து, பாலிஷ் செய்து, மெழுகு பூசினால் பெரும்பாலும் மீண்டுவிடும். இது எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம்தான். எங்களை அலைக்கழித்தவை வேறு.

முதல் அடி படகுப் பட்டறையின் அலுவலகத்தில் விழுந்தது. படகைக் கரையேற்ற ஒரு சனிக்கிழமைக்கு முன்பதிவு செய்து, கடல் ஏற்ற நேரம் பார்த்துப் படகை ஓட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தோம். காப்பீட்டுப் பத்திரத்தை நீட்டினேன். பட்டறையின் பெயரையும் கூடுதல் காப்பீடு பெறுபவராகச் சேர்த்த சான்றிதழ் வேண்டும் என்றார் அங்கிருந்த பெண்மணி. தொலைபேசியில் முன்பதிவு செய்தபோது இதைப் பற்றி ஒரு சொல் கூட இல்லை. சனிக்கிழமை என்பதால் காப்பீட்டு நிறுவனமும் பூட்டிக் கிடந்தது. தூக்கும் இயந்திரம் எங்கள் கண் முன்னால் வேறொரு படகைத் தூக்கிக்கொண்டு போயிற்று. வந்த வழியே திரும்பினோம். அடுத்த தேதி கிடைக்க வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியதாயிற்று.

எனவே முன்பதிவின்போதே மின்னஞ்சலில் கேட்டுப் பதில் வாங்கி வையுங்கள். காப்பீட்டுச் சான்றிதழ் எப்படி இருக்க வேண்டும்? உரிமையாளரே வேலை செய்ய அனுமதி உண்டா? நாள் வாடகை எந்த நேரத்திலிருந்து ஓடத் தொடங்கும்? கழுவிய நீரை எங்கே விட வேண்டும்? அடிப்பாகத்தைத் தேய்ப்பதாக இருந்தால் தூசி உறிஞ்சும் இயந்திரம் கட்டாயமா என்பதையும் விட்டுவிடாதீர்கள். அங்கே பூசியிருப்பது பெரும்பாலும் தாமிரம் கலந்த வண்ணம். அந்தத் தூசி மூச்சுக்கும் கெடுதல், கடலுக்கும் கெடுதல்.

ஒருவழியாகப் படகு கரையேறியது. அடிப்பாகத்துப் பாசியையும் ஓட்டுப் பூச்சிகளையும் பட்டறை ஆட்களே ஈரம் காய்வதற்குள் நீர்த்துப்பாக்கியால் அடித்துவிட்டார்கள். நீர்மட்டக் கோட்டையொட்டிய மஞ்சள் கறை ஆக்சாலிக் அமிலக் கூழுக்குப் பணிந்தது. கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு பூசி, கால் மணி நேரம் விட்டு நன்றாகக் கழுவினால் போதும்.

காம்பவுண்டில்தான் வேலை மாட்டிக்கொண்டது. கம்பளிப் பட்டையை இயந்திரத்தில் மாட்டி ஓட்டினால் சில நொடிகளிலேயே பட்டை மஞ்சள் பசையாக அடைத்துக்கொண்டது. பக்கம் சூடானதே தவிர மினுங்கவில்லை. கடைக்காரரிடம் கேட்டால் இன்னும் கரகரப்பான காம்பவுண்டை எடுத்து நீட்டினார். அதுவும் கேட்காவிட்டால் 600 நம்பர் உப்புத்தாள் என்றார். இருப்பதே அரை மில்லிமீட்டர். அதில் 600-ஐப் போட்டு இயந்திரத்தால் அரைத்தால் ஃபைபர் பல்லிளிக்கத் தொடங்கிவிடலாம். அவருக்குச் சரக்கு விற்றால் போதும்.

பக்கத்தில் தன் படகுக்கு வண்ணம் பூசிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் வந்தார். ஒன்றும் பேசாமல் கட்டைவிரல் நகத்தால் சுரண்டினார். ஒளி ஊடுருவும் மெல்லிய சவ்வு ஒன்று நகத்தோடு வந்தது. அக்ரிலிக். தரைக்குப் பூசும் பாலிஷ் வகை. வெளுத்துப்போன ஜெல்கோட்டைச் சரிசெய்யாமல் அதன் மேலேயே அடுக்கடுக்காகப் பூசி விற்றிருக்கிறார்கள். இதை அரைத்து எடுக்க முடியாது, கரைத்துத்தான் எடுக்க வேண்டும் என்றார். அவருக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும்.

தரை பாலிஷைக் கரைத்தெடுக்கும், அம்மோனியா கலந்த திரவம் வாங்கினோம். படகைச் சுற்றித் தார்ப்பாய் விரித்து, வழியும் நீரைப் பிடித்துக்கொண்டு, ஸ்பாஞ்சால் பூசிச் சில நிமிடங்கள் விட்டோம். சவ்வு முதலில் வெளுத்தது, பிறகு சுருங்கியது. நைலான் பட்டையால் ஓர் இழு இழுத்ததும் பாலாடை போலச் சுருண்டு வந்தது. மாதக்கணக்கில் என்னை எரிச்சல்படுத்திய மஞ்சள் அது! மேல்விளிம்பு மடிப்புகளில் மட்டும் பிடிவாதமாக நின்றது. அங்கே பழைய பல்துலக்கிதான் ஆயுதம். ஒரு கடுமையான எச்சரிக்கை: அம்மோனியா இருக்கும் இடத்துக்கு பிளீச்சிங் திரவத்தைக் கொண்டுவரவே கூடாது. இரண்டும் கலந்தால் நச்சு வாயு எழும்.

அதற்குப் பிறகு நடுத்தரக் காம்பவுண்டே போதுமானதாக இருந்தது. வெயில் ஏறுமுன், காலை மூடுபனி இருக்கும்போதே, இரண்டடிக்கு இரண்டடி என்று பிரித்துக்கொண்டு செய்தோம். இயந்திரத்தை ஓரிடத்தில் நிறுத்தக் கூடாது. விளிம்புகளில் ஜெல்கோட் எளிதில் தேய்ந்துவிடும், அங்கே கையால் மட்டும் தேய்க்க வேண்டும். முன்மூக்குப் பக்கம் தூள் ஆழமாக இறங்கியிருந்த ஒரு பகுதிக்கு மட்டும் தண்ணீர் தொட்டு 1000, பிறகு 1500 நம்பர் உப்புத்தாள். முதல் சதுரத்தைத் துடைத்தபோது எதிரே நின்ற ஏணியின் படிகள் நேர்க்கோடுகளாக அதில் தெரிந்தன. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். பிற்பகல் காற்று தூசியைக் கிளப்புமுன் மெழுகையும் முடித்துவிட்டோம்.

படகின் மேல்தளத்தின் கதை இன்னும் ஆறவில்லை. அடிப்பாகத்தைக் கழுவிய ஆள், கேட்காமலேயே துப்பாக்கியைத் தளத்தின் மீதும் திருப்பியிருக்கிறார். மறுநாள் உள்ளே அலமாரியைத் திறந்தால், பாதுகாப்புக் கம்பித் தூணின் போல்ட்டு வழியாகத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்கிறது. பழைய படகுகள் பலவற்றில் தளம் என்பது இரண்டு ஃபைபர் அடுக்குகளுக்கு நடுவே பால்சா மரமோ ஒட்டுப்பலகையோ வைத்துச் செய்தது. போல்ட்டைச் சுற்றிய பசை காய்ந்து வெடித்திருக்கும். அந்த அழுத்தத்தில் நீரை அடித்தால் அது நேரே மரத்துக்குள் போகும், மரம் உள்ளிருந்தே உளுத்துப்போகும். ஸ்க்ரூடிரைவரின் பிளாஸ்டிக் பிடியால் தூணைச் சுற்றித் தட்டிப் பார்த்தேன். நல்ல இடத்தில் கணீரென்ற ஒலி, தூணின் அடியில் ஒரு கை அகலத்துக்கு மந்தமான ஒலி.

தளத்துக்கு வாளி, மென்மையான தூரிகை, மிதமான சோப்பு போதும். வழுக்காமலிருக்கச் செய்த சொரசொரப்புக்குள் புதைந்த கறுப்பு அழுக்கை, பார் கீப்பர்ஸ் ஃபிரண்ட் என்ற துப்புரவுத் தூளைக் குழைத்து வட்ட வட்டமாகத் தேய்த்து எடுத்தோம். அங்கே மெழுகு பூசவே கூடாது, ஈரத்தில் கால் வாரிவிடும். தேக்குக் கைப்பிடிகளை இழைக்குக் குறுக்காக மெல்லத் தேய்த்தால் போதும், இழையோடு அழுத்தினால் மென்பகுதி அரிந்துபோகும்.

நவம்பர் மழைக்குள் அந்தத் தூண்களைக் கழற்றி, மரத்தை உலர்த்தி, நீர் புகாமல் அடைக்கும் பியூட்டைல் நாடா வைத்து மறுபடியும் இறுக்க வேண்டும். அடுத்த முறை, ‘தளத்தில் நீர்த்துப்பாக்கி கூடாது’ என்று வேலைத்தாளில் எழுதி, பட்டறையின் கையெழுத்தை வாங்கிய பிறகுதான் படகை ஒப்படைப்பேன்.