20 ஆயிரம் ரூபாய்க்குள் ஒரு மடிக்கணினி: எஸ்.பி. ரோட்டில் தேடி வாங்கிய அனுபவம்

பெங்களூர் அல்சூரில் உள்ள ஒரு ஜவுளிக் கடைக்கு மாலை நேரத்தில் கணக்கு எழுதும் வேலை என் மனைவிக்குக் கிடைத்தது. வீட்டிலிருந்தபடியே செய்து தரலாம் என்று கடைக்காரரும் ஒப்புக்கொண்டார். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகனுக்குப் பள்ளிச் செயல்திட்டங்களைத் தட்டச்சு செய்து அனுப்பும் தேவை ஏற்கெனவே இருந்தது. எங்களோடு இருக்கும் அப்பாவோ, பகுதிக் கோயில் குழுவின் அறிவிப்புகளைக் கையால் எழுதி, தெருமுனை ஜெராக்ஸ் கடையில் காசு கொடுத்துத் தட்டச்சு செய்து வாங்கிக்கொண்டிருந்தார். இந்த மூவருக்கும் பொதுவாக ஒரே கருவி, அதுவும் 20 ஆயிரம் ரூபாயைத் தாண்டாமல் வாங்க வேண்டும் என்று முடிவு செய்தோம்.

டேப்லெட் வாங்கினால் போதும் என்று உறவினர்கள் பலரும் சொன்னார்கள். பாடக் காணொளி பார்க்கவும் படிக்கவும் மட்டும் என்றால் நானும் அதைத்தான் வாங்கியிருப்பேன். ஆனால் மனைவி கணக்கு எழுதத் தேவையான டேலிபிரைம் மென்பொருளை நிறுவுவதற்கு விண்டோஸ் வேண்டும் என்பதால், ஆண்ட்ராய்டு டேப்லெட், ஐபேட், கூகுளின் இயங்குதளத்தில் ஓடும் மடிக்கணினியான குரோம்புக் ஆகிய மூன்றும் ஒரே அடியில் விலகிவிட்டன. குரோம்புக்கைப் பற்றி ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். 2021 முதல் வந்த மாடல்களுக்குப் பத்து ஆண்டுகள் வரை புதுப்பிப்பு உண்டு என்று கூகுள் 2023இல் அறிவித்தது உண்மைதான். ஆனால் அந்தப் பத்து ஆண்டுகள் நாம் வாங்கும் தேதியிலிருந்து அல்ல, அந்த மாடலின் அடிப்படை வன்பொருள் வெளியான காலத்திலிருந்து எண்ணப்படுகின்றன. தள்ளுபடியில் பழைய மாடலை வாங்குகிறவர்கள் கடைசித் தேதி என்ன என்று முதலில் பார்த்துவிடுவது நல்லது.

எங்கள் பட்ஜெட்டில் புதிய விண்டோஸ் மடிக்கணினிகளும் இல்லாமல் இல்லை. பளபளப்பான பெட்டி, ஓர் ஆண்டு வாரண்டி, பார்க்க எல்லாம் அழகாகத்தான் இருக்கும். உள்ளே 4 ஜிபி ரேம், 64 ஜிபி இஎம்எம்சி (மலிவான வகை) சேமிப்பகம், இரண்டும் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டவை. விண்டோஸ் 11க்கு மைக்ரோசாஃப்ட் வகுத்திருக்கும் குறைந்தபட்சத் தகுதி அதே 4 ஜிபியும் 64 ஜிபியும்தான். வாங்கும் நாளிலேயே விளிம்பில் நிற்கும் ஒரு கருவியில், பின்னால் ரேமைக்கூடக் கூட்ட முடியாது என்றால் அதன் புதுமையால் என்ன பயன்?

மிஞ்சியது ரீஃபர்பிஷ்டு சந்தை. பெரிய நிறுவனங்கள் ஊழியர்களுக்குக் கொடுத்த மடிக்கணினிகளைச் சில ஆண்டுகளில் மொத்தமாகக் கழித்துவிடுகின்றன. அவற்றைத் துடைத்து, பழுது நீக்கி, மறுபடி விற்கிறார்கள். மென்பொருள் நிறுவனங்கள் நிறைந்த பெங்களூரில் இந்தச் சரக்குக்குப் பஞ்சமே இல்லை. சிக்பேட்டை மெட்ரோ நிலையத்தில் இறங்கி நடக்கும் தூரத்தில் இருக்கும் கணினிச் சந்தைத் தெருவான எஸ்.பி. ரோட்டில், ஆள் அகலமே உள்ள கடைகளில்கூட டெல் லாட்டிட்யூடும் லெனோவோ திங்க்பேடும் எச்பி எலீட்புக்கும் புத்தகங்களைப் போல நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கின்றன. கன்னடமோ இந்தியோ சரளமாக வராதவர்களும் தயங்க வேண்டியதில்லை. நாங்கள் ஏறி இறங்கிய கடைகள் பலவற்றில் தமிழிலேயே பேரம் நடந்தது.

அங்கே போவதற்கு முன் நான் மனத்தில் உறுதி செய்துகொண்டது பிராசசரின் தலைமுறையை. விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு பொதுவாக நிறுத்திவிட்டது. இன்டெல் பிராசசர்களில் ஏறக்குறைய எட்டாம் தலைமுறையிலிருந்துதான் விண்டோஸ் 11க்கு அதிகாரபூர்வ ஆதரவு உண்டு. ஐ5-8350யு என்றால் எட்டாம் தலைமுறை, ஐ5-7300யு என்றால் ஏழாம் தலைமுறை. இந்தப் பெயர்களில் இடைக்கோட்டுக்கு அடுத்து வரும் முதல் எண்ணைப் பார்த்தாலே தெரிந்துவிடும். லாட்டிட்யூட் 7480, 7490 இரண்டையும் அருகருகே வைத்தால் மேலோட்டமாக வித்தியாசம் சொல்வது கடினம், ஆனால் முன்னது ஏழாம் தலைமுறை வரையிலான பிராசசரோடு வந்தது. ஒரு கடையில் 7480ஐ விண்டோஸ் 11 ஓடும் நிலையிலேயே காட்டினார்கள். தகுதிச் சோதனையைச் சுற்றிக்கொண்டு நிறுவ முடியும் என்பதால், திரையில் ஓடுவது ஆதரவுக்குச் சான்று ஆகாது. கணக்கு எழுதும் கணினியில் அந்தப் பரீட்சை வேண்டாம் என்று அதை விட்டுவிட்டோம்.

இறுதியாக எட்டாம் தலைமுறை பிராசசர் உள்ள ஒரு 7490ஐ எடுத்து மேசைமேல் வைத்துச் சோதிக்கத் தொடங்கினேன். கடைப் பையன், "பேட்டரி சூப்பரா இருக்கு சார், நாலு மணி நேரம் நிக்கும்" என்றான். கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து பேட்டரி அறிக்கையை எடுக்கும் பவர்சிஎஃப்ஜி கட்டளையை அடித்தேன். விண்டோஸிலேயே உள்ள வசதி இது. பிரவுசரில் திறக்கக்கூடிய ஒரு பக்கத்தை உருவாக்கித் தரும். அதில் இரண்டு எண்களைப் பார்த்தால் போதும்: பேட்டரி தயாரானபோது இருந்த கொள்ளளவு, இப்போது முழுதாக ஏற்றினால் நிற்கும் கொள்ளளவு. இந்தக் கருவியில் முதலாவது 60,000 மில்லிவாட் மணி, இரண்டாவது ஏறத்தாழ 38,000. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தேய்ந்துவிட்டது என்று திரையைத் திருப்பிக் காட்டியதும், பையன் உள்ளே போய் முதலாளியை அழைத்து வந்தான். அவர் மறுத்துப் பேசவில்லை. இதே மாடலில் வேறொன்றை எடுத்துக் கொடுத்தார். அதில் இரண்டாவது எண் 51,000ஐ ஒட்டி இருந்தது. ஆறேழு ஆண்டு பழைய சரக்கில் இது நல்ல நிலை என்றே சொல்வேன்.

அடுத்தது உரிமம். விண்டோஸ் அமைப்புகளில் ஆக்டிவேஷன் பகுதிக்குப் போனால், டிஜிட்டல் உரிமத்தால் செயல்படுத்தப்பட்டது என்றோ, உங்கள் நிறுவனத்தின் சேவையால் செயல்படுத்தப்பட்டது என்றோ வாசகம் வரும். தெருவில் விற்பனைக்கு வந்த கருவியில் இரண்டாவது வாசகம் இருந்தால், அது திருட்டு முறையில் செயல்படுத்தப்பட்டதாக இருக்க வாய்ப்பு மிகுதி. அடியில் ஒட்டியிருந்த ஏழெழுத்துச் சர்வீஸ் டேக்கை டெல் இணையதளத்தில் கொடுத்து, தொழிற்சாலையிலிருந்து வந்தபோது இருந்த பாகங்களையும் பார்த்துக்கொண்டேன். தொடக்கத்திலேயே எஃப்2 விசையை அழுத்தி, விண்டோஸுக்கு முன்பே இயங்கும் அடிப்படை அமைப்புப் பகுதியான பயாஸுக்குள் போய், பழைய நிறுவனத்தின் கடவுச்சொல் எதுவும் பூட்டி வைக்கப்படவில்லை என்பதையும் உறுதி செய்தேன். அந்தப் பூட்டு இருந்தால், பின்னாளில் அதை எடுப்பதற்குத் தனிச் செலவு ஆகும்.

திரை, ஒலி, கேமரா, யுஎஸ்பி துளைகள் ஆகியவற்றை விரைவாகப் பார்த்தோம். திரை 1366க்கு 768ஆ, 1920க்கு 1080ஆ என்று மட்டும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஒரே மாடல் இரண்டு விதத்திலும் வந்திருக்கும், எண்கள் நிறைந்த டேலித் திரையை நெடுநேரம் பார்ப்பவருக்கு முதலாவது கண்ணை உறுத்தும். நோட்பேடைத் திறந்து ஒவ்வொரு விசையாக அடித்துப் பார்த்தது என் மனைவி. வலப்பக்கத்தில் எண் விசைகள் தனியாக இல்லை என்பதுதான் அவளுடைய ஒரே குறை. அதற்கு யுஎஸ்பியில் மாட்டும் சிறிய எண் விசைப்பலகை ஒன்றை அதே தெருவில் வாங்கிவிட்டோம்.

8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டியோடு 18,500 ரூபாய்க்குப் பேசி முடித்தோம். ரேமுக்கு இரண்டாவது ஸ்லாட் காலியாக இருப்பதை, அடி மூடியைத் திறக்கச் சொல்லிப் பார்த்தே பணம் கொடுத்தேன். கைச்சீட்டு வேண்டாம் என்று சொல்லி, ஜிஎஸ்டி எண்ணும் சர்வீஸ் டேக்கும் குறிப்பிட்ட பில்லைக் கேட்டபோது முதலாளி கொஞ்சம் முகம் சுளித்தாலும் போட்டுக் கொடுத்தார். வாரண்டி ஆறு மாதம், பேட்டரிக்கும் சார்ஜருக்கும் கிடையாது என்பதையும் அதே பில்லில் எழுத வைத்தோம். எது கிடையாது என்பது எழுத்தில் இருந்தால், எது உண்டு என்பதில் பின்னால் வாக்குவாதம் வராது.

வீட்டுக்கு வந்ததும் விண்டோஸை முழுமையாக அழித்து, மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து இறக்கிய கோப்பைக் கொண்டு புதிதாக நிறுவினேன். உரிமம் தானாகவே ஏற்றுக்கொள்ளப்பட்டது. கடைக்காரரின் டேலி உரிமம் வந்து சேரும் வரை, இலவசப் பயிற்சி நிலையில் மாதத்தின் 1, 2, 31 ஆகிய தேதிகளில் மட்டுமே பதிவிட முடிந்தது, பழகிக்கொள்ள அதுவே போதுமானதாக இருந்தது. மகன் லிப்ரே ஆபீஸ் என்ற இலவச மென்பொருளில் தன் வேலையை முடித்துவிடுகிறான். அப்பாவுக்காக, விண்டோஸோடு வரும் தமிழ் 99 விசைப்பலகையைச் சேர்த்து, எழுத்து அமைப்பை ஒரு தாளில் அச்சிட்டுக் கொடுத்திருக்கிறேன். இப்போதைக்கு இரண்டு விரலால் அடிக்கிறார், பௌர்ணமி பூஜை அறிவிப்பை அவரே முடித்துவிட்டார்.