நாலாவது வரியில் ‘நோ ரிசல்ட்’

“ரிப்போர்ட் வந்துட்டுக்கா, நேர்ல வந்து வாங்கிக்கிடுங்க” என்று போனில் சொன்ன பிள்ளை மேல் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. பரீட்சை நேரத்தில் லீவு கேட்டு தலைமையாசிரியையிடம் பேச்சு வாங்கி, அம்பாசமுத்திரத்தில் காலை ரயிலைப் பிடித்து, திருநெல்வேலி ஜங்ஷனில் இறங்கி ஆட்டோவில் போய்ச் சேர்ந்தோம். பதினொன்றரைக்குத்தான் கூப்பிட்டார்கள். ஐ.வி.எஃப்-பில், அதாவது உடம்புக்கு வெளியே லேபில், உண்டான எங்கள் நாலு கருவுக்கும் குரோமோசோம் சரியா என்று சோதிக்கப் பணம் கட்டியிருந்தோம். தாளில் மூன்றுக்குத்தான் பதில் இருந்தது. நாலாவது வரியில் ‘நோ ரிசல்ட்’.

“அப்படின்னா என்னம்மா?”

“அது டாக்டர்ட்டதான் கேக்கணும்க்கா. டாக்டர் இன்னைக்கு லீவு.”

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்றேன். “ரிப்போர்ட் வந்துட்டான்னுதானே கேட்டீங்க” என்றாள். வந்த வழியே திரும்பினோம். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காதீர்கள், மீதிக் கருக்கள் இன்னும் அங்கேதான் இருக்கின்றன.

எனக்கு 37 வயது. இரண்டு தடவை கலைந்துவிட்டது, இரண்டும் மூன்று மாதம் முடியும் முன்பே. முட்டை இருப்பைக் காட்டுகிற ஏ.எம்.எச். ரத்தப் பரிசோதனை, ஊசி, முட்டை எடுப்பு எல்லாம் ஐ.வி.எஃப் செய்தவர்களுக்குத் தெரிந்த கதைதான். பதினொரு முட்டையில் ஏழு கருவாகி, ஐந்தாம் ஆறாம் நாள் வரை நாலு வந்து சேர்ந்தன: 4ஏஏ, 4ஏபி, 4பிபி, 4பிசி. கருவின் வளர்ச்சியையும் தோற்றத்தையும் பார்த்துப் போடுகிற மார்க் இது; ஏ உசத்தி, சி மட்டம். முதல் இரண்டும் ஐந்தாம் நாளே தயார், மற்ற இரண்டும் ஆறாம் நாள். லேபில் கருவை வளர்க்கிற எம்ப்ரியாலஜிஸ்ட் 4ஏஏ-யைத் திரையில் காட்டி, “பாடப்புத்தகத்துல போடலாம் மேடம்” என்றார். நான் ப்ளஸ் ஒன்னுக்கு உயிரியல் எடுப்பவள். அந்தப் படத்தை மொபைலில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்த முட்டாள்தனத்துக்கு அப்புறம் வருகிறேன்.

குரோமோசோம் பரிசோதனைக்கு, அதாவது பி.ஜி.டி.ஏ-வுக்கு, சரி என்றதும் முதல் இடி காகிதத்தில். முன்பு கலைந்ததற்கு ஆதாரம் ஃபைலில் வேண்டும் என்றார்கள். இரண்டாவதற்கு டிஸ்சார்ஜ் சம்மரி இருந்தது. முதலாவது பார்த்த ஆஸ்பத்திரியில் “அஞ்சு வருசத்துக்கு முந்தினதெல்லாம் கழிச்சாச்சு” என்று கையை விரித்தார்கள். கடைசியில் அம்மா வீட்டு மச்சில், ஏதோ கல்யாணத்தில் கொடுத்த மஞ்சப்பைக்குள், கரண்ட் பில்லோடு அந்த ஸ்கேன் தாள் கிடந்தது. அம்மா எதையும் தூரப் போடமாட்டாள் என்று எத்தனை தடவை திட்டியிருக்கிறேன்! கலைந்தது எவ்வளவு பழைய கதையானாலும் அந்தத் தாளைப் பத்திரப்படுத்துங்கள்.

அடுத்தது பணம். ‘பேக்கேஜ்’ என்று சொன்ன தொகையில் லேப் கட்டணம் மட்டும்தான் அடக்கம். கருவிலிருந்து செல் எடுக்கும் பயாப்சிக்குத் தனி, உறைய வைக்கத் தனி. அஞ்சு பவுன் கூட்டுறவு வங்கிக்குப் போனது. ‘இதில் எதெல்லாம் சேராது’ என்று எழுதி வாங்கிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

வீட்டில் வேறு கூத்து. ஒரு வாரமாக அத்தைக்குத் தூக்கமில்லை. “கருவையா மெட்ராஸுக்குப் பார்சல்ல அனுப்பிட்டாவ?” என்று ஒரே புலம்பல். கரு எங்கேயும் போகாது அத்தை, இங்கேயே நைட்ரஜன் டாங்கில் மைனஸ் 196 டிகிரியில் இருக்கும், பின்னால் நஞ்சுக்கொடியாகப் போகிற வெளிப்பக்கத்திலிருந்து அஞ்சாறு செல்லை மட்டும் சின்னக் குழாயில் போட்டு அனுப்புகிறார்கள், பிள்ளையாகிற உள்பக்கத்தைத் தொடமாட்டார்கள் என்று சப்பாத்தி மாவை உருட்டிக் காட்டித்தான் புரியவைத்தேன். புரிந்ததும் கேட்ட அடுத்த கேள்வி, “அப்போ ஆணா பொண்ணான்னும் தெரிஞ்சிருக்குமே?” சொல்லக்கூடாது, சட்டப்படி குற்றம். ரிப்போர்ட்டிலும் அது இருக்காது. கவுன்டரில் விளையாட்டுக்குக்கூடக் கேட்டுவிடாதீர்கள்.

பணம் கட்டுகிற அன்று கவுன்சலர் இன்னொன்றையும் நீட்டினார்: கரு வளர்ந்த திரவத்தையே சோதிக்கலாம், செல் எடுக்க வேண்டாம், கூடுதல் கட்டணம். டாக்டரிடமே கேட்டேன். அந்தத் திரவத்தில் தாயின் டி.என்.ஏ-வும் கலந்திருக்கக்கூடும், நான் அதை நம்பி முடிவெடுக்கமாட்டேன் என்றார். அவரை எனக்குப் பிடித்தது அந்த ஒரு பதிலால்தான். பி.ஜி.டி.ஏ பற்றியும் பூசி மெழுகவில்லை. 2019-ல் வெளிவந்த ஸ்டார் ஆய்வில், 25 முதல் 40 வயதுப் பெண்களை மொத்தமாகப் பார்த்தபோது, இந்தச் சோதனையால் கர்ப்பம் தங்குவது கூடவில்லை என்று அவரே சொன்னார். “இது நல்ல கருவை உண்டாக்காதும்மா. கலையப்போறதை முன்னாலேயே ஒதுக்கும், அவ்வளவுதான்.” இரண்டு தடவை கலைந்தவளுக்கு அந்த ‘அவ்வளவுதான்’ போதுமாக இருந்தது.

அவரைப் பார்க்க மறுபடி போனது நாலு நாள் கழித்து. பாடப்புத்தக 4ஏஏ-யில் பதினாறாவது குரோமோசோம் இரண்டு இருக்க வேண்டிய இடத்தில் மூன்று. அதிகமாகக் கலைகிற கருக்களில் இதுவும் ஒன்று. இதையே வகுப்பில் கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன்! சோதிக்காமல் விட்டிருந்தால் அழகைப் பார்த்து முதலில் அதைத்தான் கர்ப்பப்பையில் வைத்திருப்பார்கள், எனக்கு மூன்றாவது தடவை. 4பிசி மொசைக், அதாவது எடுத்த செல்களில் சிலது சரி, சிலது சரியில்லை. உடனே தூக்கிப் போட வேண்டியதில்லையாம். அப்படிப்பட்ட கருவிலிருந்தும் ஆரோக்கியமான பிள்ளைகள் பிறந்ததை 2015-லேயே இத்தாலி டாக்டர்கள் எழுதியிருக்கிறார்கள். யாரும் மதிக்காத 4பிபி நார்மல். மொபைலில் அதன் படம்கூட என்னிடம் இல்லை.

அந்த ‘நோ ரிசல்ட்’ 4ஏபி. செல் குழாய்க்குள் விழாமல் போயிருக்கலாம், டி.என்.ஏ சிதைந்திருக்கலாம், கரு கெட்டது என்று அர்த்தமில்லை என்றார். உருக்கி, மறுபடி செல் எடுத்து, மறுபடி உறைய வைக்கலாம். ஆனால் கருவுக்கு இரண்டாவது அடி. அதற்கும் பயாப்சி கட்டணம் உண்டா என்று என் வீட்டுக்காரர் கேட்டார். உண்டாம். லேப் கட்டணம் மட்டும் கிடையாதாம். எங்கள் தப்பு இங்கேதான். பதில் வராவிட்டால் யார் செலவு, மொசைக் என்று வந்தால் இந்த ஆஸ்பத்திரியில் வைப்பார்களா மாட்டார்களா, இந்த இரண்டையும் பயாப்சிக்கு முன்னாலேயே கேட்டிருக்க வேண்டும். “சவத்த விடுட்டி, இருக்கிறதை வைப்போம்” என்றார் இவர். 4ஏபி-யைத் தொடவில்லை.

4பிபி-யை வைத்து இப்போது பதினெட்டு வாரம். பி.ஜி.டி.ஏ செய்தாச்சே என்று, மூன்றாம் மாதம் பிள்ளையின் பின்கழுத்தைப் பார்க்கிற என்.டி ஸ்கேனைத் தள்ளிவிடப் பார்த்தேன், டாக்டர் விடவில்லை. செய்தோம், சரியாக இருந்தது. உறுப்பெல்லாம் சரியா என்று பார்க்கிற அனாமலி ஸ்கேன் இனிமேல்தான்.

போன வாரம் கருக்களை உறைய வைத்துக் காக்க வருடக் கட்டணம் கேட்டு மெசேஜ் வந்தது. ‘கரு: 3’ என்று போட்டிருந்தது. 4ஏஏ-யை அப்புறப்படுத்தச் சம்மதம் எழுதிக் கொடுத்து மாதங்கள் ஆகின்றன. போன் செய்தேன், அதே குரல்.

“நேர்ல வாங்கக்கா, மாத்திக்கிடலாம்.”

“வரமாட்டேன். நான் எழுதிக் கொடுத்த தாள் உங்க ஃபைல்லதான் இருக்கு. பாத்துட்டு நீங்க கூப்பிடுங்க.”

சாயங்காலமே கூப்பிட்டாள். இரண்டு என்று மாற்றிவிட்டாளாம்.