மாடியில் ஒரு புகைவண்டி

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வேளச்சேரியைக் குளமாக்கிவிட்டுப் போனபோது எங்கள் வீட்டில் இரண்டு இழப்புகள். ஒன்று, கீழ்த்தளத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் இரண்டு நாள் நின்ற வாஷிங் மெஷின். இன்னொன்று, பின்கட்டில் வேரோடு சாய்ந்த கொய்யா மரம். மெஷினை எடைக்குப் போட மனம் வரவில்லை. மரத்தைத் துண்டு போட்டு மாடிப்படிக்குக் கீழே அடுக்கினேன். ஒரு வருடத்துக்கு மேல் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. விருந்தாளிகள் வந்தால் என் மனைவி "அது அவருடைய சொத்து" என்று அறிமுகப்படுத்துவாள்.

2025 பிப்ரவரியில்தான் இரண்டையும் சேர்த்து ஒரு வேலை பார்க்கலாம் என்று தோன்றியது. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் பார்பிக்யூ என்றால் கரியின்மேல் கம்பி வைத்துச் சுடுவதில்லை. மூடிய அடுப்புக்குள் 110, 120 டிகிரி செல்சியஸில் விறகுப் புகை சூழ, இறைச்சியை மணிக்கணக்காக வேகவிடுவதுதான் அங்கே பார்பிக்யூ. கைவேலைக்காரர்கள் அந்த அடுப்பை 200 லிட்டர் பீப்பாயில் செய்துகொள்கிறார்கள். பீப்பாய்க்குச் சென்னையில் பஞ்சமா?

பிப்ரவரி 9

பஞ்சமில்லை. எதை வாங்குவது என்பதில்தான் சிக்கல். காயலான் கடையில் வரிசையாக நின்ற பீப்பாய்களில் பாதிக்குமேல் பெயின்ட் கரைப்பானும் இன்னதென்று தெரியாத இரசாயனமும் இருந்தவை. உள்ளே என்ன இருந்தது என்று சொல்ல முடியாத பீப்பாயில் சாப்பாடு செய்யக்கூடாது; எத்தனை முறை கழுவினாலும் சரி. கடைக்காரர் கடைசியில் பின்பக்கம் கூட்டிப்போய் ஒன்றைக் காட்டினார். மாம்பழக் கூழ் வந்த பீப்பாய். கிருஷ்ணகிரிப் பக்கத்து ஆலைகளில் கூழைப் பைக்குள் அடைத்து, பையைப் பீப்பாய்க்குள் வைத்து அனுப்புவார்கள். அதனால் தகரத்தில் கூழ்கூடப் பட்டிருக்காது. முழு வாயும் திறக்கும், மூடி உண்டு, மூடியை இறுக்கும் வளையமும் உண்டு. 900 ரூபாய் கேட்டார், 700க்குக் கொடுத்தார். மூக்கை உள்ளே விட்டு முகர்ந்து பார்த்துத்தான் பணம் கொடுத்தேன். அவர் சிரித்தார். சிரிக்கட்டும்.

புகைபோக்கிக்கு ஒரு பளபளப்பான ஜிஐ குழாயை இலவசமாகவே எடுத்துக்கொள்ளச் சொன்னார். வேண்டாம் என்றேன். அதன் மேல்பூச்சு துத்தநாகம். 420 டிகிரியிலேயே உருகிவிடும். புகைபோக்கி அந்தச் சூட்டுக்குப் போகாதுதான். ஆனாலும் சாப்பாட்டுக்கு மேலே எதற்கு அந்தச் சந்தேகம்?

பிப்ரவரி 23

பீப்பாயின் உள்பூச்சை எரித்தாகவேண்டும். மாடியில் அதைச் செய்தால் தெருவே திரண்டுவிடும் என்பதால் வெல்டிங் பட்டறைக்கு எடுத்துப்போனேன். பட்டறைக்காரர் பின்னால் இருந்த காலி இடத்தில் சவுக்குக் கட்டையைப் போட்டு மூன்று மணி நேரம் எரியவிட்டார். பூச்சு கொப்பளித்து, கறுத்து, செதில் செதிலாக விழுந்தது. மிச்சத்தைக் கிரைண்டரில் கம்பிப் பிரஷ் மாட்டித் தேய்த்தோம். ஜிஐ குழாயை நான் வேண்டாம் என்று சொன்ன கதையைக் கேட்டதும் தலையாட்டினார். "நல்லது செய்தீர்கள் சார். அதை வெல்டிங் வைத்தால் அந்தத் துத்தநாகப் புகையில் அன்று இரவே குளிர் காய்ச்சல் வரும். எங்கள் ஆட்கள் பாலைக் குடித்துவிட்டுப் படுத்துவிடுவார்கள்" என்றார்.

அடியில் காற்று நுழைய முக்கால் அங்குலப் பித்தளை பால் வால்வு (ball valve, கைப்பிடியைத் திருப்பித் திறந்து மூடுவது) மூன்று. இவை பழைய குடியிருப்பு ஒன்றை இடித்த இடத்தில் கிலோ கணக்கில் வாங்கியவை. ஒவ்வொன்றுக்கும் குனிந்து சுற்றிவர வேண்டாமே என்று மூன்றையும் ஒரே பக்கத்தில் வரிசையாக வைக்கச் சொன்னேன். இந்தச் சோம்பேறித்தனத்துக்குப் பிறகு தண்டனை வந்தது. அதை அதன் இடத்தில் சொல்கிறேன்.

புகைபோக்கி பற்றிக் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்ள அனுமதி வேண்டும். பெரிய எவர்சில்வர் டம்ளர் ஒன்றின் அடியை வெட்டி மூடியில் பொருத்தினேன். அதன் டபராவைக் கவிழ்த்து ஓரத்தில் ஒரு போல்ட் போட்டேன். டபராவைத் தள்ளினால் வாய் திறக்கும், இழுத்தால் மூடும். டம்ளரும் டபராவும் பிரியாமல் இருக்கின்றன. அம்மாவுக்கு மட்டும் டம்ளர் போன வருத்தம் இன்னும் தீரவில்லை.

மார்ச் 16

கரிக்கூடைக்குத்தான் வாஷிங் மெஷின். அதற்குள் இருக்கும் உருளை நல்ல எவர்சில்வர், உடம்பெல்லாம் துளை, குறுக்களவு 47 சென்டிமீட்டர். பீப்பாயின் 57க்குள் தாராளமாக அடங்குகிறது. பின்னாலிருக்கும் அலுமினியக் கையைக் கழற்றி, உள்ளே துணியைப் புரட்டும் பிளாஸ்டிக் துண்டுகளைப் பிடுங்கி, உயரத்தைப் பத்து அங்குலத்துக்கு அறுத்து, மூன்று கால் வைத்தேன்.

அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். சோதனைக்குக் கரி போட்டுப் பற்றவைத்தால் ஒரு மணி நேரத்தில் நெருப்பு மூச்சுத் திணறிச் சாகிறது. காரணம் அந்தத் துளைகள். தண்ணீர் வடிய மூன்று மில்லிமீட்டர் போதும்; சாம்பல் விழப் போதாது. அடியெல்லாம் சாம்பல் அடைத்துக்கொண்டு காற்று ஏறவில்லை. அடித்தட்டில் அரை அங்குலத் துளைகள் போட உட்கார்ந்தேன். முதல் துளையிலேயே டிரில் பிட் கீச்சென்று கத்தியது, பிறகு வழுக்கியது. பார்த்தால் தகரத்தில் கண்ணாடி மாதிரி ஒரு பளபளப்பான வட்டம், பிட்டின் முனை நீலம் பாரித்து மழுங்கியிருக்கிறது. எவர்சில்வரை வேகமாகத் துளைத்தால் அது சூடேறி, அந்த இடத்திலேயே இன்னும் கெட்டிப்பட்டுவிடும். வேகத்தைப் பாதிக்கும் கீழே குறைத்து, சொட்டுச் சொட்டாகத் தேங்காய் எண்ணெய் விட்டு, உடம்பின் எடையை முழுக்கக் கொடுத்து அழுத்தியபோதுதான் சுருள் சுருளாக உலோகம் வெளியே வந்தது. 36 துளை, இரண்டு ஞாயிறு, நான்கு பிட். பழைய பொருளில் செய்தால் மிச்சம் என்று சொல்கிறவர்கள் பிட் விலையைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

பீப்பாயின் உள்பக்கம் முழுக்க எண்ணெய் பூசி, தோசைக்கல்லைப் பழக்குவதுபோல இரண்டு முறை வெறும் நெருப்பு போட்டுப் பழக்கினேன். வெளியே பைக் சைலன்சருக்கு அடிக்கும் வெள்ளி நிறப் பெயின்ட்.

மார்ச் 30

முதல் கோழி. சுருக்கமாகச் சொன்னால், கஷாயம்.

கரி எங்கள் தெரு இஸ்திரிக்காரர் சொன்ன கடையில் வாங்கியது. சீமைக்கருவேலக் கரி. மூட்டையில் அரைவேக்காட்டுத் துண்டுகள் கலந்திருக்கும், உடைத்தால் உள்ளே பழுப்பாகத் தெரியும், அதைத் தள்ளிவிடுங்கள் என்று எச்சரித்தும் அனுப்பினார். நான் தள்ளவில்லை. போதாக்குறைக்கு சீமைக்கருவேல விறகையே கை நிறைய அள்ளிப் போட்டேன். டம்ளர் வழியாக வெள்ளை வெளேரென்று புகை சுருண்டு வந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. கோழியின் தோல் கறுப்பாகி நாக்கில் வைத்தால் மரத்துப்போனது. கெட்டியான வெள்ளைப் புகை என்றால் விறகு சரியாக எரியவில்லை என்று பொருள். நல்ல புகை கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் மெல்லிய நீலமாக இருக்கும். பக்கத்தில் கையை நீட்டினால் சூடு தெரியும், கண் எரியாது.

ஒரு தமாஷ் என்னவென்றால், நீதிமன்றமே அகற்றச் சொன்ன நம் சீமைக்கருவேலம் டெக்சாஸ்காரர்கள் கொண்டாடும் மெஸ்கீட் மரத்தின் நெருங்கிய உறவு. இரண்டும் ஒரே பேரினம். மெஸ்கீட்டின் புகை காட்டமானது, அளவோடு போடவேண்டும் என்று அவர்களே சொல்வார்கள். அதன்பின் எனக்குக் கரி மட்டும் சீமைக்கருவேலம், புகைக்குக் கொய்யா. ஒரு வருடத்துக்கு மேல் காய்ந்திருந்த புயல் கொய்யா கைப்பிடி அளவில் நான்கு கட்டை போதும்.

ஏப்ரல் 13

காலை ஒன்பதுக்கு ஆட்டுத்தொடை ஒன்றை ஏற்றினேன். 115 டிகிரி. ஒரு வால்வு பாதி, மற்ற இரண்டும் மூடல். இரண்டரை மணி நேரம் தெர்மாமீட்டர் முள் அசையவில்லை. எனக்குக் கைவந்துவிட்டது என்று கீழே போய்க் காப்பி குடித்தேன். திரும்பி வந்தால் 170. வால்வைத் தொட்டவர் யாரும் இல்லை. மூடினேன், இறங்கியது, கொஞ்சம் திறந்தேன், பாய்ந்து ஏறியது. சட்டை முதுகில் படபடத்தபோதுதான் உறைத்தது. மணி பதினொன்றே முக்கால். கடற்காற்று.

சென்னையில் கோடைக்காலத்துப் பகலில் நிலம் சூடேறிக் காற்று மேலெழும். அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று வரும். நாமெல்லாம் காத்துக்கிடக்கும் அந்தக் காற்று, கிழக்கு பார்த்த என் மூன்று வால்வுக்குள்ளும் கொல்லன் துருத்திபோல ஊதிக்கொண்டிருந்தது. குனியச் சோம்பியதற்குக் கிடைத்த தண்டனை இதுதான். தொடை ஓரத்தில் விறகாகவும் எலும்போரத்தில் பச்சையாகவும் இருந்தது. குழம்பில் போட்டு அம்மா காப்பாற்றினாள்.

பீப்பாயை அரைவட்டம் திருப்பி, வால்வுகள் மாடியறைச் சுவரைப் பார்க்கும்படி வைத்து, இரு பக்கமும் நான்கு வரிசை செங்கல் அடுக்கினேன். அன்றே தெர்மாமீட்டரையும் கொதிக்கும் தண்ணீரில் பிடித்துப் பார்த்தேன். 100 காட்டவேண்டியது 88 காட்டியது. அதாவது நான் 115 என்று நினைத்ததே 127க்குப் பக்கம்.

அடுத்த வீட்டு மாமியின் விஷயத்தையும் எழுதிவிடுகிறேன். அவர் மாடியில் கூழ்வற்றல் காயப்போட்டிருந்தார். அதே கடற்காற்று என் புகையை நேரே அங்கே கொண்டுபோனது. மறுநாள் பொரித்துப் பார்த்துவிட்டு வந்து கேட்டார்: "வற்றலில் கல்யாண வீட்டுக் கோட்டை அடுப்பு வாசனை வருகிறதே, என்னப்பா செய்தாய்?" கோபமா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெளிவாகவில்லை. இப்போது நெருப்பு போடும் நாளை முந்தின இரவே அவரிடம் சொல்லிவிடுகிறேன்.

மே 1

விடுமுறை. பன்றித் தோள்பட்டை, எலும்போடு 2.3 கிலோ. முந்தின இரவே உப்பு, மிளகு, கொத்தமல்லித்தூள், கொஞ்சம் கருப்பட்டி தடவி வைத்தேன். கூடை நிறையக் கரியைக் கொட்டி, மேலே மட்டும் பத்துப் பன்னிரண்டு கனிந்த துண்டுகளை வைத்தேன். நெருப்பு மேலிருந்து கீழாகப் பொறுமையாகப் போகும். காலை ஐந்துக்கு மூடி.

ஒன்பதரைக்குள் இறைச்சியின் உள்சூடு 68ஐத் தொட்டது. பிறகு நகரவே இல்லை. பத்தரை, 68. பதினொன்றரை, 69. இப்படி நிற்கும் என்று படித்திருந்தேன். ஆனாலும் எதிரே உட்கார்ந்திருப்பவனுக்குக் கை சும்மா இருக்காது. இறைச்சியின் ஈரம் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. நமக்கு வேர்த்தால் உடம்பு குளிர்வதும் இப்படித்தான். மே மாதத்துச் சென்னையில் மாடியில் நானும் வேர்த்துக்கொண்டு, அதுவும் வேர்த்துக்கொண்டு. அமெரிக்கர்கள் இந்தக் கட்டத்தில் தடித்த காகிதத்திலோ அலுமினியத் தாளிலோ சுற்றுவார்கள். நான் இரண்டு வாழையிலையைத் தணலில் வாட்டி, விரிசல் விடாமல் மூன்று சுற்று சுற்றி நாரால் கட்டினேன். பன்னிரண்டரைக்குக் கடற்காற்று வந்தது. முள்ளைப் பார்த்துக்கொண்டே நின்றேன். நான்கு டிகிரி ஏறி, அங்கேயே நின்றது. செங்கலுக்கு ஒரு கும்பிடு.

மூன்று மணிக்கு உள்சூடு 94. ஒரு மணி நேரம் ஆறவிட்டு இலையைப் பிரித்தேன். எலும்பைப் பிடித்து இழுத்தால் கத்தியில்லாமல் சுத்தமாக வந்துவிட்டது. தோலடியில் ஒரு நூல் அளவுக்குச் செம்பருத்தி நிறத்தில் கோடு. புகையிலுள்ள நைட்ரிக் ஆக்சைடு இறைச்சியின் நிறமியோடு சேர்ந்து உண்டாக்குவது. என் மகள் அதை வேகாத இறைச்சி என்று சொல்லித் தொடவில்லை. அவளைச் சமாதானம் செய்வதற்குள் தட்டு காலி.

ஜூன் 22

மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14ஆம் தேதியோடு முடிந்து விசைப்படகுகள் போய்வந்தபின் சிந்தாதிரிப்பேட்டை சந்தையில் காணாங்கெளுத்தி மலிந்தது. எண்ணெய் உள்ள மீன் புகைக்கு ஏற்றது. எட்டு மீனை உப்புத்தண்ணீரில் இரண்டு மணி நேரம் ஊறவைத்து, துடைத்து, நேரே கம்பியில் மாட்டித் தொங்கவிட்டேன். நாற்பதாவது நிமிடம் தொப்பென்று ஒரு சத்தம். பிறகு இன்னொன்று. வெந்ததும் செவுளோரம் இளகி, தலை கம்பியில் நிற்க உடம்பு மட்டும் நெருப்பில் விழுந்துகொண்டிருந்தது. மூன்று போயின. மிச்சம் ஐந்திலும் நிறம் திட்டுத்திட்டாகத்தான் ஏறியிருந்தது. ஈரத்தோலில் புகை சீராக ஒட்டாது.

ஜூன் 29

இந்த முறை மீனை இரவு முழுக்கக் குளிர்சாதனப் பெட்டியில் மூடாமல் வைத்தேன். நம் ஊர்க் காற்றில் வெளியே வைத்தால் காயவே காயாது. காலையில் விரலால் தொட்டால் மேல்தோல் லேசாகப் பிசுபிசுத்தது. புகைக்கு வேண்டியது அந்தப் பதம்தான். தொங்கவிடாமல் கம்பித்தட்டில் படுக்கவைத்து, 80 டிகிரி, ஒன்றரை மணி நேரம். எட்டும் பித்தளைக் குத்துவிளக்கு நிறத்தில் வந்தன.

அம்மா ஒன்றை எடுத்து முகர்ந்தாள். சிவகங்கையில் அவளுடைய பாட்டி உப்புக்கண்டத்தை அடுப்புக்கு மேலே கயிறு கட்டித் தொங்கவிடுவாராம். சுவரெல்லாம் கரி, ஆனால் அந்த வாசனை இதேதானாம். "இதற்காகவா நாலு மாதம் மாடியிலேயே கிடந்தாய்?" என்று கேட்டுக்கொண்டே பழைய சோற்றுக்கு இரண்டு மீனை எடுத்துக்கொண்டாள். பீப்பாய்க்குப் புகைவண்டி என்று பெயர் வைத்ததும் அவள்தான். கை கழுவிவிட்டு மாடிக்கு ஏறி வந்து அதைச் சுற்றிப் பார்த்தாள். அடிவிளிம்பில் துரு தொடங்கியிருந்ததை நான் கவனிக்கவில்லை. மழைக்கு முன் இதற்கு ஒரு கூரை போட்டுவிடு என்றாள். பட்டறையில் பழைய ஃபைபர் தகடு ஒன்று கிடந்தது. நாளை போய்க் கேட்கவேண்டும்.