டியூபை வாயில் வைக்காதீர்கள்

கேனிலிருந்து பெட்ரோலோ டீசலோ எடுக்க டியூபை வாயில் வைத்து உறிஞ்சுகிறவர்களை இன்னமும் பார்க்கிறேன். தயவுசெய்து வேண்டாம். வயிற்றுக்குள் போவதைவிடப் புரையேறி நுரையீரலுக்குள் போவதுதான் பெரிய ஆபத்து. கொஞ்சம் போனாலே அழற்சி வரும். யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்கவும் கூடாது, நேராக மருத்துவமனைதான்.

இத்தனைக்கும் உறிஞ்ச வேண்டிய அவசியமே இல்லை. முனையில் ஓர் உலோகக் கூடும் அதற்குள் கோலிக்குண்டும் உள்ள சைஃபன் டியூப் கிடைக்கிறது. அந்த முனையைத் திரவத்துக்குள் விட்டு மேலும் கீழும் வேகமாக ஆட்டினால், குண்டு ஒருவழி வால்வாக வேலை செய்து திரவத்தை ஏற்றிவிடும். மறுமுனை கேனின் திரவ மட்டத்துக்குக் கீழே இருக்கும்வரை தானாக ஓடும். நிறுத்த வேண்டுமா, மறுமுனையைத் தூக்கிப் பிடித்தால் போதும்.

ஆனால் தரையில் இருக்கும் டிரம்மிலிருந்து மேலே ஏற்ற சைஃபனால் ஆகாது. அதற்குக் கைப்பம்புதான். ரப்பர் பல்பு வைத்த பம்பில் ஓர் அம்புக்குறி இருக்கும், திரவம் போக வேண்டிய பக்கம் அது பார்க்க வேண்டும். தலைகீழாக மாட்டிவிட்டு 'பம்ப் போச்சு' என்று திட்டுகிறவர்களே அதிகம்! டிரம்மின் காற்றுத்துளையையும் திறந்து வையுங்கள், இல்லாவிட்டால் பாதியில் இழுக்காது.

அப்புறம், தண்ணீருக்கான பம்பைப் பெட்ரோலுக்குப் போடாதீர்கள். ரப்பர் ஊதிப்போய் வால்வு ஒட்டிக்கொள்ளும். பெட்ரோல் பிடிக்கும் கேனைத் தரையில் வைத்தே பிடியுங்கள், நிலைமின்சாரப் பொறி ஒன்று போதும் பற்றிக்கொள்ள.